முடியிலிருந்த யாழ்ப்பாணத்து நீலக்கல்

கணேசலிங்கம் தன்னைப் பொறாமை இல்லாத மனிதர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். தம்பி பெரிய வீடு வாங்கியபோது மனதார வாழ்த்தினார். தன்னிடம் வேலை பழகியவன் தனக்கே மேலதிகாரியாக வந்தபோது முதல் ஆளாகப் போய்க் கை கொடுத்தார். அறுபத்தெட்டு வயதில், சிட்னியின் பரமட்டாவில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொந்த மனைவியைப் பார்த்து வயிறு எரியப்போகிறீர் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

சிட்னி ரயில்வேயில் வரைபடப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீடு செவன் ஹில்ஸில். ஓய்வுக்குப் பிறகு சிலருக்குத் தோட்டம் பிடிக்கும், சிலருக்குக் கோயில் நிர்வாகம். அவரைப் பிடித்துக்கொண்டது இங்கிலாந்து அரச குடும்பத்தின் முடியும் செங்கோலும். தடித்த தடித்த புத்தகங்களாக வாங்கி வாசித்தார். 2023இல் முடிசூட்டு விழாவைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, "தலையில வைச்சு ராசாவாக்கிற முடி வேற, வெளிய வரேக்க போட்டுக்கொண்டு வாற முடி வேற" என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் வர்ணனையாளரே அதைச் சொன்னார். பக்கத்தில் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்த சந்திரவதனா, "ஓமோ" என்றாள். அந்த வீட்டில் முப்பது நாற்பது வருடமாக அவர் சொல்வதும் அவள் "ஓமோ" என்பதும்தான் வழக்கம். தமிழ்ச் சங்கக் கூட்டங்களிலும் அப்படித்தான். நன்றியுரைக்கு அவர் எழும்பிப் போவார். அவருடைய சுடுதண்ணீர்ப் போத்தலை அவள் மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள்.

போன வருடம் குளிர்காலத்தில், அந்த அரச நகைகளின் பிரதிகள் பரமட்டாவுக்கு வந்தன. அசல்கள் லண்டன் கோபுரத்தை விட்டு இப்படி ஊர் சுற்ற வராது. ஆனால் பிரதிகளைச் செய்தவர்கள் சும்மா செய்யவில்லை. கல்லுக்குக் கண்ணாடி, தங்கத்துக்கு முலாம் என்றாலும் அளவும் அச்சும் அப்படியே. இரண்டு முடிகள், செங்கோல்கள், சிலுவை வைத்த பொன்னுருண்டை, வாள்கள், அபிஷேக எண்ணெய் ஊற்றுகிற கரண்டி என்று ஆற்றங்கரைப் பக்கத்துப் பழைய மண்டபம் ஒன்றில் வரிசையாக வைத்திருந்தார்கள். கண்காட்சிக்குப் பொறுப்பாக இருந்தவள் ஹம்சா, கோயம்புத்தூர்ப் பெண். சனிக்கிழமைகளில் தமிழிலும் சுற்றிக் காட்டினால் கூட்டம் வரும் என்பது அவளுடைய யோசனை. சம்பளமில்லாத வேலைதான். விளம்பரத்தைப் பார்த்த அன்றே கணேசலிங்கம் போய் நின்றார்.

"அங்கிள், உங்களுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கே! எனக்குத்தான் பயமா இருக்கு, நான் ஏதாவது தப்பா சொல்லிடுவேனோன்னு" என்றாள் ஹம்சா.

"பிழை விடக்கூடாது பிள்ளை. அதுதான் முக்கியம்" என்றார் அவர்.

முதல் சில சனிக்கிழமைகள் அவருடையவை. நேர்த்தியாக உடுத்திக்கொண்டு, ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் நின்று, ஆண்டு, நிறை, காரட், செய்தவர் பெயர் என்று ஒன்று விடாமல் சொன்னார். ஒரு பிழை வரவில்லை. ஆனால் இரண்டாவது பெட்டி தாண்டுவதற்குள் பாதிப் பேர் தாங்களாகவே முன்னால் நடந்து போய்விடுவார்கள். மிச்சம் நிற்பவர்கள் மரியாதைக்கு நின்றார்கள். அது அவருக்குத் தெரியவில்லை. சனத்துக்கு ஆர்வம் குறைவு என்று நினைத்துக்கொண்டார்.

சந்திரவதனா அங்கே வந்ததே தற்செயல். சனிக்கிழமை காலையில் அவளைக் கோயிலிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தால், வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்ப நேரமிருக்காது. அதனால் அவளும் கூடவே வந்து வாசல் பக்கத்துக் கதிரையில் இருப்பாள். ஒரு சனிக்கிழமை கணேசலிங்கத்துக்குத் தொண்டை அடைத்துக் குரலே வரவில்லை. வாசலில் பெருங்கூட்டம். ஹம்சா கையைப் பிசைந்தாள்.

"ஆன்ட்டி, நீங்களாவது ரெண்டு வார்த்தை சொல்றீங்களா? சும்மா கூட்டிட்டுப் போய்க் காட்டினா போதும்."

சந்திரவதனா கணவரைப் பார்த்தாள். அவர் பெருந்தன்மையோடு தலையாட்டினார்.

அவள் நேரே பெரிய முடிக்குப் போகவில்லை. மூலையிலிருந்த கரண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கிட்ட வாங்கோ, கிட்ட வாங்கோ. உந்த முடியெல்லாம் பிறகு பாக்கலாம். முதல் இந்தக் கரண்டியைப் பாருங்கோ. ஒருகாலம் அங்க ராசாவின்ர தலையை வெட்டிப்போட்டு, அவற்ற முடியையும் உருக்கிக் காசு அடிச்சுப்போட்டாங்கள். இருந்த சாமானெல்லாம் போட்டுது. இந்தக் கரண்டி மட்டும் தப்பினது. எப்பிடி? ராசாவின்ர உடுப்புச் சாமானைப் பாத்துக்கொண்டிருந்த ஒருத்தர் இதை ஏலத்தில வாங்கிக்கொண்டு போய் வீட்டில வைச்சிருந்தவர். பத்துப் பன்னிரண்டு வருசம்! ராசாவின்ர மகன் திரும்பி வந்த உடன கொண்டுவந்து குடுத்திட்டார். ஆனா ஒண்டு. அவ்வளவு காலமும் அது ஒரு வீட்டில கிடந்திருக்கு. அந்த மனுசன்ர மனுசி அவசரத்துக்கு உதால ஒருக்காக்கூட ஒண்டும் அள்ளியிருக்க மாட்டா எண்டு நினைக்கிறியளோ?"

மண்டபமே சிரித்தது. முன்னால் போயிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள்.

பிறகு முடியின் நிறையைக் காட்டுவதற்கு வைத்திருந்த இரும்பு வளையத்தை எடுத்து ஒரு பெண்ணின் தலையில் வைத்தாள். "உம்மட போனில என்ன வந்திருக்கெண்டு குனிஞ்சு பாரும்" என்றாள். அந்தப் பெண் குனியப் பார்த்து, கழுத்து ஆடி, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களோ? முடி வைச்சவை குனிஞ்சு பாக்கேலாது. அதுதான் அவைக்குக் கீழ நடக்கிறது தெரியிறேல்லை." கை தட்டினார்கள். கண்காட்சியில் யாரும் கை தட்டி கணேசலிங்கம் கேட்டதில்லை.

அவர் வாசல் கதிரையில், அவளுடைய இடத்தில், கழுத்தில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கரண்டிக் கதை அவர் சொன்னது. முடியின் நிறை அவர் சொன்னது. குனிய முடியாது என்பதும், ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், சோற்றைப் பிசைந்தபடி அவர் சொன்னதுதான். அவள் எல்லாவற்றையும் "ஓமோ" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இருபது வருடம் முதியோர் இல்லத்தில் சாப்பாடு கொடுத்தவள் அவள். சாப்பிட மறுக்கிற கிழவர்களைக் கதை சொல்லி வாய் திறக்க வைத்தவள். அங்கே அவள் எப்படிப் பேசினாள் என்று அவர் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. தன்னுடைய பொருளைத் தன் கண்முன்னாலேயே இன்னொருவர் எடுத்துத் தன்னைவிட நன்றாக விற்பது போல இருந்தது அவருக்கு. அப்போதுதான் வயிற்றுக்குள் முதல் தடவையாகச் சுரீரென்றது.

தொண்டை சரியான பிறகும் ஆட்கள், "அந்த அன்ரி இல்லையோ?" என்று கேட்டார்கள். ஹம்சா நயமாகப் பிரித்துக் கொடுத்தாள்: காலையில் அங்கிள், பின்னேரம் ஆன்ட்டி. காலையில் எட்டுப் பேர் வந்தால் பின்னேரம் அறுபது பேர். சிலர் காலையில் வந்து, அங்கிள் என்று தெரிந்ததும், காப்பி குடித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.

கணேசலிங்கம் அவளுடைய குழுவின் பின்னால் போகத் தொடங்கினார். அவள் சொல்லும்போது இடையில் திருத்துவார். "இருநூறு வருசத்துக்கு முதல்" என்பாள். "முன்னூற்று அறுபது" என்பார் பின்னாலிருந்து. அவள் சிரித்து, "அந்தா, என்ர புத்தகம் பேசுது" என்பாள். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள். அவர் திருத்தியதுகூட அவளுடைய கதையின் ஒரு பகுதியாகிவிட்டது. வீட்டில் அவர் பேச்சைக் குறைத்தார். கறியில் உப்புக் கூட என்றார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், மனுசனுக்கு உடம்பு இன்னும் சரியாகவில்லை என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் ஹம்சா ஒரு செய்தி சொன்னாள். அரச நகைகளின் வரலாற்றை ஆராய்ந்து எழுதியவர், டாக்டர் ஹாலோவே என்ற ஆங்கிலப் பெண்மணி, சிட்னிக்கு வருகிறார். கண்காட்சியில் பேசப்போகிறார். கணேசலிங்கம் அவருடைய புத்தகங்கள் இரண்டையும் வைத்திருந்தார், ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகளோடு. அவருக்குச் சுற்றிக் காட்டுகிற பொறுப்பு தனக்குத்தான் என்று நினைத்து, கேட்க வேண்டிய கேள்விகளைக்கூட மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டார்.

"ஆன்ட்டி அவங்களுக்குச் சுத்திக் காட்டட்டும், அங்கிள்" என்றாள் ஹம்சா. "நம்ம கம்யூனிட்டி கதை சொல்ற ஸ்டைல் அவங்களுக்குப் புதுசா இருக்கும். நீங்க வாசல்ல டிக்கெட் ஸ்கேன் பண்றதைப் பாத்துக்குறீங்களா? உங்களை மாதிரி பொறுப்பான ஆள் அங்க வேணும்."

"ஓம், ஓம். அதுக்கென்ன" என்றார் கணேசலிங்கம்.

அன்று பின்னேரம் குசினியில் சந்திரவதனா தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, எல்லாரும் ஒரு கேள்வி கேக்கினம். கோகினூர் தங்கட எண்டு இந்தியாக்காரர் சொல்லினம். உதில எங்கட சாமான் ஒண்டும் இல்லையோ? எங்கட ஆக்களுக்குச் சொல்ல ஒண்டும் கிடக்கோ?"

உண்மையான பதில் அவருக்குத் தெரியும். வெளியே வரும்போது போடுகிற அந்தச் சிறிய முடியின் பின்பக்கத்தில் ஒரு பெரிய நீலக்கல் இருக்கிறது. ஸ்ருவர்ட் நீலம் என்பார்கள். அது எந்த மண்ணில் தோண்டியது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆசியாவாக இருக்கலாம், இலங்கையாகக்கூட இருக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதைத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

"ஏன் இல்லை?" என்றார். "பின்பக்கம் கிடக்கிற நீலக்கல்லு. அது யாழ்ப்பாண ராசாவின்ர முடியில இருந்தது. போர்த்துக்கேயர் ராசாவைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க முடியும் கோவாவுக்குப் போனது. அங்கயிருந்து கைமாறிக் கைமாறித்தான் ஸ்ருவர்ட் ராசாக்களிட்டப் போய்ச் சேந்தது."

சொல்லச் சொல்ல அவருக்கே வியப்பாக இருந்தது, எவ்வளவு லேசாக வருகிறது என்று. ஒரு உண்மையைச் சொல்ல அவருக்கு இவ்வளவு அழகாக ஒருநாளும் வந்ததில்லை.

"மெய்யாவோ!" அவள் மாவுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

அவர் கணக்குச் சின்னக் கணக்கு. டாக்டர் ஹாலோவேக்கு முன்னால் அவள் இதைச் சொல்லுவாள். அந்தப் பெண்மணி புன்னகையோடு, இல்லை, அப்படி இல்லை என்பார். ஹம்சா பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு சின்னச் சறுக்கல். அதற்குப் பிறகு, இந்த வேலைக்கு அங்கிள்தான் சரி என்று எல்லாருக்கும் விளங்கும். அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது.

ஆனால் அவளுக்கு அதுவரை பொறுமை இருக்குமா? அந்தச் சனிக்கிழமையே சொன்னாள். எல்லோரையும் முடியின் முன்பக்கத்து வைரத்தைப் பார்க்க விட்டுவிட்டு, பிறகு மெல்லப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் சொன்னதை அவள் சொன்ன விதம் வேறு. ராசாவைக் கொண்டுபோன கப்பலைச் சொன்னாள். முடியை யார் கையில் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பாத்தீங்களோ, எங்கட கல்லைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு வைச்சிருக்கினம்" என்றாள்.

யாரும் கை தட்டவில்லை. ஒரு வயதான மனிதர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். ஒரு பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இது கண்ணாடிக் கல், பிரதி என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. கல்லின் படம் போனுக்குப் போன் தாவியது. தமிழ் வானொலியில் நிகழ்ச்சி நடத்துகிற சுஜீதன் மைக்கோடு வந்து சந்திரவதனாவைப் பேட்டி எடுத்தான். 'யாழ்ப்பாணத்து நீலத்தைத் திருப்பித் தா' என்று ஒரு விண்ணப்பம் கிளம்பியது. கோயிலில் கையெழுத்து வாங்கினார்கள். சிட்னி தாண்டி மெல்பேர்ன், மெல்பேர்ன் தாண்டி கனடா என்று போனது. பிழை விடக்கூடாது என்று வாழ்நாள் முழுவதும் சொன்ன மனிதரின் பொய் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

கணேசலிங்கத்துக்குப் பயம் பிடித்தது. நிறுத்த அவருக்கு இடம் இருந்தது. காரில் போகும்போது சொல்லியிருக்கலாம். வதனா, எனக்குச் சந்தேகமாக்கிடக்கு, கொஞ்சம் பொறும் என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வரும். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடிக்கும். "அன்ரி, கேட்டு அழுதுபோட்டன்" என்று யாரோ சொல்லுவார்கள். வார்த்தை திரும்ப உள்ளே போய்விடும்.

டாக்டர் ஹாலோவே வந்த நாளில் மண்டபம் நிரம்பி வழிந்தது. அவர் மெலிந்த, நரைத்த, சாந்தமான பெண்மணி. சந்திரவதனா சுற்றிக் காட்டுவதற்கு முதலே பேச்சு வைத்துவிட்டார்கள். பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தபோது முதலாவதாக எழும்பியவன் சுஜீதன். யாழ்ப்பாணத்து நீலம் எப்போது திரும்பி வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டான். அரங்கம் ஆரவாரித்தது.

டாக்டர் ஹாலோவே மெதுவாகச் சொன்னார். அந்தக் கல் எங்கே பிறந்தது என்று யாருக்கும் தெரியாது, இலங்கையாகவும் இருக்கக்கூடும். ஆனால் யாழ்ப்பாண அரசரின் முடியிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு சான்றும் கிடையாது என்றும், அப்படி ஒரு கதையைத் தான் இன்றுதான் முதன்முதலில் கேட்பதாகவும், உண்மையாக இருந்தால் தனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்.

"எங்கட அன்ரிதானே சொன்னவா!" என்றான் சுஜீதன் தமிழில். தலைகள் எல்லாம் திரும்பின.

சந்திரவதனா எழுந்து நின்றாள். அன்றைக்கென்று உடுத்திய மயிற்கழுத்துச் சேலை. அவள் டாக்டர் ஹாலோவேயைப் பார்க்கவில்லை, சுஜீதனைப் பார்க்கவில்லை. அவ்வளவு தலைகளுக்கு மேலால், வாசலில் டிக்கெட் கருவியோடு நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் ஆசைப்பட்ட சறுக்கல் இதோ கிடைத்துவிட்டது. இனிக்கும் என்று நினைத்திருந்தார். இனிக்கவில்லை. இவர்தான் சொன்னவர் என்று அவள் விரலை நீட்டினால் முடிந்தது.

"நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றாள் அவள். "எல்லாரும் என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

உட்கார்ந்தாள். யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். யாரோ கோபமாக எழும்பிப் போனார்கள்.

வீடு போகும் வழியில் கார் டூங்காபி தாண்டியது. அப்போதுதான் அவள் கேட்டாள்:

"எந்தப் புத்தகம்?"

"ஞாபகம் இல்லை. நான் பிழையா வாசிச்சிருப்பன்."

"உங்களுக்குப் பிழை வராது." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "எங்கட கலியாணத்தில ஐயர் நேரத்தைப் பிழையாச் சொல்ல, மணவறையில இருந்துகொண்டு அவரைத் திருத்தினனீங்கள். இவ்வளவு காலத்தில ஒரு திகதி பிழைச்சு நான் கேக்கேல்லை. அதாலதான் எனக்கு உடன விளங்கினது. நீங்கள் வேணுமெண்டுதான் சொன்னனீங்கள்."

அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் இருவரும் இறங்கவில்லை.

"எல்லாரும் உம்மைத்தானே கேக்கினம்" என்றார் கடைசியில்.

"அதுக்கு?"

அவர் கார்ச் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னதெல்லாம் நீங்கள் சொன்னதுதான்" என்றாள் அவள். "வேற ஒண்டும் எனக்குத் தெரியாது. அவையள் கை தட்டேக்க, உங்களுக்குத்தான் தட்டினம் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

கண்காட்சி சிட்னியில் முடிந்து மெல்பேர்னுக்குப் போனது. ஹம்சா சந்திரவதனாவைக் கைவிடவில்லை. "ஒரு தப்பு எல்லாருக்கும் வரும் ஆன்ட்டி. நீங்க வரலைன்னா தமிழ் டூரே வேணாம்" என்றாள். சந்திரவதனா பெட்டியைக் கட்டினாள். மகள் தர்சினி மெல்பேர்ன் பக்கத்து ட்ருகனினாவில் இருக்கிறாள், அங்கே தங்கலாம். விமான நிலையத்தில் கணேசலிங்கம் இறக்கிவிட்டபோது, "சோறு குளிர்ப்பெட்டியில கிடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆளில்லாத வீட்டில் அவருக்குப் பேச ஒருவரும் இல்லை. "ஓமோ" என்று சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் எதைத் தெரிந்து வைத்திருந்தும் பிரயோசனமில்லை என்பது விளங்கியது. ஒருநாள் சாமான் வாங்கத் தமிழ்க் கடைக்குப் போனார். அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "உந்த நீலக்கல் அன்ரி இப்ப மெல்பேர்ன்ல போய்க் கதை விடுறாவாம்." "பொய்க்காரி. என்ர அம்மா அழுதவா, தெரியுமோ?"

கூடையை அங்கேயே வைத்துவிட்டு அவர் வெளியே வந்தார். பொய்க்காரி என்ற சொல் அவரைச் சுட்டது. முப்பத்தெட்டு வருடத்தில் அவளைப் பற்றி யாரும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல வைத்தவர் அவர்தான்.

சுஜீதனுடைய நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை காலையில். கணேசலிங்கம் கலையகத்துக்கே போய், தனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்றார். மைக் முன்னால் இருத்தினார்கள்.

"நீலக்கல் கதையைச் சொன்னது என்ர மனுசி. அவவுக்குச் சொன்னது நான்" என்றார். "புத்தகத்தில அப்பிடி ஒண்டும் இல்லை. நான் இட்டுக்கட்டினது. தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

சுஜீதன் திகைத்தான். "ஏன் அங்கிள்?"

"சனம் அவவைத்தான் கேட்டுது. என்னைக் கேக்கேல்லை. எனக்கு அது பொறுக்கேல்லை."

சுஜீதன் நேயர்களிடம் ஏதோ சமாளித்துச் சொல்லி, ஒரு பாட்டைப் போட்டான். வெளியே வரும்போது கதவருகில் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனம் அங்கிள் உங்களுக்கு. அடுத்த முறை அன்ரியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவா கதைச்சா நிகழ்ச்சி களைகட்டும்" என்றான். அப்போதும் அவருக்கு வயிற்றுக்குள் ஒரு எறும்பு கடித்தது. அவமானத்தைச் சொல்லிக்கொள்ள வந்த இடத்திலும் அவளைத்தான் கேட்கிறார்கள்! அவருக்குத் தன்மேல் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அடுத்த கிழமை மெல்பேர்னுக்குப் போனார். தர்சினி விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். காரில் ஏறியதும், "அப்பா, ஹவ் குட் யூ?" என்றாள். அம்மா காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டாள் என்றாள். அவர் பையை வீட்டில் வைத்துவிட்டு ரயில் பிடித்தார். எல்லோரையும் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு, குழுவின் கடைசியில் போய் நின்றார்.

சந்திரவதனா அவரைக் கண்டாள். பேச்சை நிறுத்தவில்லை. கரண்டி, வாள்கள், இரும்பு வளையம் எல்லாம் முடிந்து முடியின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"இந்த நீலக்கல்லைப் பாருங்கோ. இது எங்க தோண்டினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாதெண்டு சொல்லுறது லேசில்லை, பிள்ளையள். நான் ஒருக்காத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லி, நல்லா வாங்கிக் கட்டினனான்." அந்த மண்டபத்தில் நடந்ததை, தான் எழும்பி மன்னிப்புக் கேட்டதை, பின்வரிசையில் யாரோ சிரித்ததை, அவள் சொன்னாள். யார் சொல்லிக் கொடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆட்கள் சிரித்து, உச்சுக்கொட்டி, கடைசியில் கை தட்டினார்கள். பட்ட அவமானத்தையும் அவள் நல்ல கதையாக்கிவிட்டாள். கணேசலிங்கத்துக்கு மறுபடி சுரீரென்றது. அது போகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பிந்தி, அவரும் கை தட்டினார்.

கூட்டத்தில் ஒரு பெண் பொன்னுருண்டையைக் காட்டிக் கேட்டாள்: "அன்ரி, அசல் உருண்டைக்குள்ள என்ன இருக்கு? முழுக்கத் தங்கமோ?"

சந்திரவதனா யோசித்தாள். "எனக்குத் தெரியேல்லை பிள்ளை. பாத்துச் சொல்லுறன்."

கணேசலிங்கத்துக்குத் தெரியும். பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது, ஆண்டும் நிறையும் சேர்ந்து. உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றார். அந்த ஒரு நிமிடம் சும்மா நிற்பது அவருக்கு வானொலியில் பேசியதைவிடக் கடினமாக இருந்தது.

குழு கலைந்ததும் அவள் அவரிடம் வந்தாள். இருவரும் வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்தார்கள். குளிர் காற்று.

"ரேடியோவில சொன்னதைக் கேட்டனான்" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"சாப்பிட்டீங்களோ?"

"இன்னும் இல்லை." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்த உருண்டை... உள்ளுக்கு ஒண்டும் இல்லை. வெறும் கோது. வெளியிலதான் தங்கம்."

சந்திரவதனா அவரைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடினாள். அவர் சொன்ன ஒன்றை அவள் சரிபார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்பவரைப் போலக் காத்திருந்தார். கொஞ்ச நேரமெடுத்தது.

"சரிதான்" என்றாள் அவள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.